விட வேண்டிய கை

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே என்னை மூன்று முறை இடம் மாற்றி உட்கார வைத்தார்கள். குற்றம் ஒன்றுதான், கால் ஆட்டுவது. ஆட்டுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. நீளமான பெஞ்ச் என்பதால் ஐந்து பேரின் கையெழுத்தும் என்னோடு சேர்ந்து ஆடும். மூன்றாவது இடத்தில் பக்கத்தில் இருந்தவள் பேனாவை வைத்துவிட்டு, "உன் கால்ல மோட்டார் ஏதாவது வச்சிருக்கியா? கொஞ்சம் ஆஃப் பண்ணேன்" என்றாள். வைத்த பேனா உருண்டு விளிம்பைத் தாண்டியது. அது தரையைத் தொடுவதற்குள் பிடித்துக் கொடுத்தேன். அவள் நன்றி சொல்லவில்லை. ஏதோ கண்கட்டு வித்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

எனக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளாது. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. யார் மேல் என்று தெரியாத ஒரு கோபம் முழங்காலுக்குக் கீழே எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கும்.

அந்த வாரம் மதிய இடைவேளையில் தாழ்வாரம் நெடுக மேசை போட்டு ஒவ்வொரு மன்றத்துக்காரரும் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சதுரங்க மேசைக்காரர்கள் என் காலைப் பார்த்ததுமே காய்கள் சரியாமல் பலகையைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசி மேசையில் வெள்ளை உடுப்போடு ஒருத்தி உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஜூடோ. மூன்றாம் ஆண்டு மாணவி, எல்லாரும் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"விழத் தெரியுமா?" என்றாள் தலையைத் தூக்காமல்.

"விழாம இருக்கத் தெரியும்."

"அதை மறக்கவே உனக்கு ஒரு மாசம் ஆகும். பேரை எழுது. திங்கள், புதன், வெள்ளி, சாயங்காலம் நாலரை. நகத்தை ஒட்ட வெட்டிட்டு வா."

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது.

அப்பாவுக்கு ரொட்டி கம்பெனியில் இரவு வேலை. மாவு பிசையும் மெஷினில் நிற்கிறார். காலை ஏழரைக்குப் புருவத்தில் மாவோடு வருவார், குளிப்பார், எட்டு மணிக்கு உள்ளறையில் படுப்பார். அதிலிருந்து மூன்று மணி வரை வீடு மூச்சு விடாது. நாற்காலிக் கால்களுக்குப் பழைய காலுறை மாட்டியிருக்கும். அழைப்பு மணியின் வயரைக் கழற்றிப் பல வருடம் ஆகிறது. தாழ்ப்பாளில் துணி சுற்றியிருக்கும். குக்கர் விசில் அடிக்கப் போகிற நொடியில் அம்மா எங்கிருந்தாலும் வந்து அடுப்பை அணைத்துவிடுவாள். அதனால் விடுமுறை நாட்களில் எங்கள் வீட்டில் எதுவுமே முழுசாக வெந்ததில்லை. குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கும் என்பார்களே, எங்கள் வீட்டில் குண்டூசியை விழவே விடமாட்டோம்.

அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் அம்மா, "பேய்க்கு வாழ்க்கைப்பட்டா முருங்கை மரம் ஏறித்தானே ஆகணும்" என்று சிரிப்பாள். அதையும் மெதுவாகத்தான் சிரிப்பாள்.

அப்பாவும் எங்களுக்குச் சளைத்தவர் இல்லை. இருமல் வந்தால் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமுவார். மூன்று மணிக்கு எழுந்ததும் கால்விரல் நுனியில் நடந்து வந்து, டம்ளரைச் சத்தமில்லாமல் எடுத்து, சத்தமில்லாமல் தண்ணீர் குடித்து, சத்தமில்லாமல் வைப்பார். அவர் எழுந்துவிட்டார் என்பது எங்களுக்கு அவரைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. எனக்கு ஏழு வயதில் ஒரு தப்பு நடந்தது. நான்தான் செய்தேன். விடுமுறை நாள், மதியம். கழுவிய எவர்சில்வர் தட்டுகளை ஒரே அடுக்காகத் தூக்கிக்கொண்டு போனேன், பெரிய மனுஷி மாதிரி. பதினோரு தட்டு. சமையலறை வாசலில் அத்தனையும் கொட்டின. கடைசித் தட்டு மட்டும் விளிம்பில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது, அடங்கவே மாட்டேன் என்றது. அம்மா ஓடி வந்து அதைக் காலால் மிதித்து நிறுத்தினாள். உள்ளறைக் கதவையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கதவு திறக்கவில்லை.

அன்றைய வேலையில் அப்பாவின் வலது கை மெஷினில் மாட்டிக்கொண்டது. சுண்டு விரலும் மோதிர விரலும் பாதியோடு போயின. மறுநாள் மருத்துவமனை வராந்தாவில் பார்க்க வந்த அத்தையிடம் அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. "பகல்ல தூக்கம் இல்ல அவருக்கு. அதான் வேலையில கண்ணசந்துட்டார்."

என்னை அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்ததும் நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டுக் காலுறை மாட்ட ஆரம்பித்தாள். நானும் கூட உட்கார்ந்து மாட்டினேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதுவும் விழுந்ததில்லை. கரண்டி, மூடி, சோப்பு டப்பா, எது நழுவினாலும் தரைக்குப் போகுமுன் என் கை அங்கே இருக்கும். நான் யோசிப்பதில்லை, கை தானாகப் போய்விடும். பதினோரு வருடமாக.

*

கேப்டன் சொன்ன மாதிரி முதல் மாதம் முழுக்க விழுவதுதான் வேலை. உள்ளரங்கத்தின் ஒரு பாதியில் இறகுப்பந்துக்காரர்கள், மறுபாதியில் எங்கள் பச்சைப் பாய்கள். செருப்பைப் பாயின் ஓரத்தில் வெளிப்பக்கம் பார்க்க வரிசையாக விட வேண்டும். தலை குனிந்து வணங்கிவிட்டுத்தான் பாயில் கால் வைக்க வேண்டும். கேப்டன் வரிசையில் நிற்க வைத்துப் பத்து விரல் நகத்தையும் பார்ப்பாள். எனக்கு மன்றத்துப் பழைய உடுப்பு ஒன்று கொடுத்தார்கள். அதன் கைகள் என் விரல் நுனி வரை வந்தன.

"கீழே போகும்போது கையை நீட்டிப் பாயை ஓங்கி அடி. விழற வலியை முதுகு மட்டும் வாங்கக் கூடாது, கை பங்கு போட்டுக்கணும். சத்தம் வந்தா சரியா விழுந்திருக்கேன்னு அர்த்தம்" என்றாள் கேப்டன்.

புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு பேரும் அடித்தார்கள். அரங்கமே அதிர்ந்தது. நானும் அடித்தேன். என் கை வேகமாகத்தான் இறங்கியது. பாய்க்கு ஒரு சாண் மேலே வந்ததும் வேகம் குறைந்து, பூப்போல அதைத் தொட்டது.

கேப்டன் என் தலைமாட்டில் வந்து நின்றாள். "என்ன, குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கிறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். மிகச் சத்தமாகச் சிரித்தவள் என் பக்கத்தில் கிடந்த நர்ஸ். நர்சிங் முதலாண்டு, அதனால் எங்களுக்கு அவள் நர்ஸ். ஆள் நல்ல உயரம், சிரிப்பு அதைவிட உயரம். நான் நடந்து வருவது யாருக்கும் கேட்பதில்லை என்று அவள்தான் எனக்குப் பூனை என்று பெயர் வைத்தாள். அது ஒட்டிக்கொண்டது. வருகைப் பதிவில்கூட அதுதான்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு பாயை அடிக்கத் தெரியாதா எனக்கு? இருநூறு முறை விழுந்தேன், முந்நூறு முறை விழுந்தேன். முதுகு கன்றிப்போனது. கை மட்டும் தடவிக்கொண்டே இருந்தது. ஆனால் ஒன்று நடந்தது. முதல் நாள் பயிற்சி முடிந்து பேருந்தில் உட்கார்ந்தபோது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்ன என்று மூன்று நிறுத்தம் யோசித்தேன். என் கால் ஆடவில்லை. முன் இருக்கைக்காரர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை, ஒரு மணி நேரம், முழங்காலுக்குக் கீழே கொதிப்பே இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக நான் ஓரிடத்தில் இருந்தேன்.

அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் எதையும் செய்வேன் என்று அன்றே தெரிந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் மாதம் தூக்கிப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். எதிராளியின் சட்டைக் கையை ஒரு கையால் பிடிக்க வேண்டும். இன்னொரு கையை அவள் முதுகைச் சுற்றிப் போட்டு, திரும்பி, இடுப்பில் ஏற்றி, முன்னால் உருட்டிவிட வேண்டும். கேப்டன் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "சட்டைக் கையை விடவே கூடாது. அதைப் பிடிச்சிருந்தாதான் அவ தலை கீழே மோதாது. முதுகுல இருக்கற கையை விட்டே ஆகணும். விடலைன்னா அவளும் ஒழுங்கா விழ முடியாது, நீயும் அவ மேலயே போய் விழுவே. ஒரு கை பிடிக்கணும், ஒரு கை விடணும். புரிஞ்சுதா?"

எல்லாருக்கும் புரிந்தது. எனக்கும் புரிந்தது. கைக்குத்தான் புரியவில்லை.

நர்ஸ்தான் என் ஜோடி. அவளை இடுப்பில் ஏற்றியதும் எடையே தெரியவில்லை, அவ்வளவு சரியாக வந்தது. அவள் கால்கள் மேலே போயின, விழ ஆரம்பித்தாள். அவ்வளவுதான், என் கை விழித்துக்கொண்டது. முதுகில் இருந்ததை விடுவதற்குப் பதிலாக அவளை இறுக்கி அணைத்துக்கொண்டேன். சத்தம் வரக் கூடாது. மெதுவாக இறக்கி வைக்க வேண்டும். முழங்காலை மடக்கி, ஒரு தட்டு அடுக்கைத் தரையில் வைக்கிற மாதிரி அவளை வைக்கப் பார்த்தேன். அறுபத்தைந்து கிலோ தட்டு. பாயை அடிக்க வேண்டிய அவள் கை எங்கள் இருவருக்கும் நடுவே மடங்கி மாட்டிக்கொண்டது. தோள் முதலில் இறங்கியது, அதன்மேல் நான்.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. அதுதான் கொடுமை. அவள் கத்தினாள்.

தோள் மூட்டு விலகியிருந்தது. ஆறு வாரம் கழுத்திலிருந்து தூளி கட்டிக் கையைத் தொங்கவிட வேண்டும் என்றார்கள். மருத்துவமனை வார்டில் அவள் செய்ய வேண்டிய பயிற்சி அந்த மாதம்தான் தொடங்குவதாக இருந்தது. ஒற்றைக் கையோடு படுக்கை விரிப்பு மாற்ற முடியாது, நோயாளியைப் புரட்ட முடியாது. அடுத்த அணியோடுதான் இனிச் சேர முடியும். நான் அவள் விடுதி அறைக்குப் போய் வாசலில் நின்று அழுதேன்.

"ஏண்டி நீ அழறே? வலி எனக்கு" என்றாள். பிறகு, "என்னைத் தூக்கிப் போட்டவங்க நிறையப் பேர். கட்டிப் பிடிச்சுக்கிட்டே போட்டவ நீ ஒருத்திதான்" என்று சிரிக்கப் பார்த்து, தோள் வலித்ததால் பாதியில் நிறுத்தினாள்.

அடுத்த பயிற்சியில் ஜோடி சேரச் சொன்னபோது, சொல்லிவைத்த மாதிரி எல்லாருக்கும் இடுப்புப் பட்டை அவிழ்ந்துபோயிருந்தது. குனிந்து குனிந்து கட்டிக்கொண்டார்கள். நான் பாயின் நடுவில் தனியாக நின்றேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. என் இடத்தில் வேறொருத்தி இருந்திருந்தால் நானும் பட்டையை மூன்று முடிச்சுப் போட்டிருப்பேன்.

கேப்டன் தனியாக அழைத்துப் போனாள். "மூணு வாரத்துல புதுசா வந்தவங்களுக்குத் தேர்வு. அன்னைக்கு நீ என்னைத் தூக்கிப் போடணும், அஞ்சு தடவை. ஒரே ஒரு தடவை நீ முதுகுக் கையை விடலைன்னாலும் மன்றத்தை விட்டுப் போயிடணும். கோபமில்ல. அடுத்து எவளுக்காவது கழுத்துல ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"உங்களுக்கு ஆச்சுன்னா?"

"அதான் நான் நிக்கறேன். வேற யாரையும் நிக்கச் சொல்ல எனக்கு வாய் வரல."

எனக்குக் கொடுக்கப்பட்டது ஒரு பொம்மை. கேன்வாஸ் துணிக்குள் கந்தல் அடைத்தது, ஆள் உயரம், முகம் கிடையாது. மூன்று வாரமும் மூலையில் அதை இடுப்பில் ஏற்றினேன், இறக்கினேன். ஒவ்வொரு முறையும் கேப்டன் சொல்லிக் கொடுத்தது போலவே தொடங்குவேன், தாய் பிள்ளையைப் படுக்க வைப்பது போல முடிப்பேன். ஒருநாள் அதன் காலரைக்கூடச் சரிசெய்துவிட்டிருக்கிறேன். கேப்டன் அதைப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டு போனாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். கால் முன்பைவிட மோசமாக ஆடத் தொடங்கியது. பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அம்மா கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. யார் வீட்டுப் பொண்ணோட தோளோ! விட்டுடு அதை." இத்தனையும் கிசுகிசுப்பாக. அப்பா தூங்கும் நேரம்.

அப்பா மூன்று மணிக்கு விரல் நுனியில் வெளியே வந்து, "தேர்வு என்னைக்கு?" என்றார். எழும் நேரம், விழித்தபடி கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

"சனிக்கிழமை, காலையில பத்து மணிக்கு."

"நானும் வரேன்."

"வேணாம்பா. நீங்க தூங்கணும்."

"ஒரு நாள்தானே? வேலை முடிஞ்சு நேரா வந்துடறேன்."

அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "தூங்காம அந்த மெஷின்கிட்ட நிக்கப் போறீங்களா?" என்று அவரிடம்தான் கேட்டாள், ஆனால் பார்வை என்மேல் இருந்தது. எனக்கு ஏழு வயதில், அந்தத் தட்டை மிதித்துக்கொண்டு உள்ளறைக் கதவைப் பார்த்த அதே பார்வை. அவர் வரக் கூடாது என்று மன்றாடினேன். அப்பா பாதி விரல்களோடு இருந்த கையால் என் தலையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அதிலும் சத்தம் இல்லை.

*

சனிக்கிழமை இறகுப்பந்து வலைகளைச் சுருட்டிவிட்டு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அப்பா வந்துவிட்டார். புருவத்தில் மாவு. பக்கத்தில் அம்மா, மடியில் கைப்பை, அவருக்குக் காவல் வந்தவள் போல. நர்ஸ் முன்வரிசையில் தூளியில் கையோடு உட்கார்ந்து என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். கேப்டன் என்னைக் கடைசியில் வைத்திருந்தாள். எனக்கு முன் பத்துப் பேர்.

என்னால் உட்கார முடியவில்லை. நின்றேன், நடந்தேன், பட்டையை அவிழ்த்துக் கட்டினேன். என் தேர்வைப் பற்றிய கவலைகூட இரண்டாவதாகிவிட்டது. மணி பத்தரை. இந்நேரம் அவர் படுத்து இரண்டரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். பதினொன்று ஆகும், பன்னிரண்டு ஆகும். பேருந்து பிடித்து வீட்டுக்குப் போய்ப் படுக்க ஒன்றரை. வேலைக்கு ஆறுக்குக் கிளம்ப வேண்டும். நாலு மணி நேரத் தூக்கம். அந்த மெஷின். மீதி இருக்கிற எட்டு விரல். எல்லாம் மறுபடியும் என்னால்.

பாயில் தேர்வு தொடங்கியது. ஒருத்தி ஒருத்தியாகத் தூக்கிப் போட்டார்கள். விழுந்தவர்கள் பாயை அறைந்தார்கள். தகரக் கூரை அதைத் திருப்பி அறைந்தது. நடுவர் கத்தினார், கூட வந்தவர்கள் கத்தினார்கள், யாரோ விசில் ஊதினார்கள். ஐந்தாவது ஆள் முடிந்ததும் அப்பா எப்படி இருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். பக்கத்தில் போனேன். தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, குறட்டை. பாயில் ஒருத்தி தடாலென்று விழுந்தாள். அவர் இமைகூட அசையவில்லை. முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். குறட்டை அதே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. அம்மா அவர் பக்கத்தில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா" என்றேன் வழக்கம்போல மெதுவாக. எழவில்லை. தோளைத் தொட்டேன், எழவில்லை. பிடித்து உலுக்கினேன்.

"என்ன, உன் முறை வந்துடுச்சா?"

"இந்தச் சத்தத்துல எப்படிப்பா தூங்கறீங்க?"

"இதெல்லாம் ஒரு சத்தமா? நாலு மெஷின் ஓடும்போது மாவு மூட்டை மேல சாஞ்சு தூங்கறவன்மா நான். படுத்தா இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது" என்று வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ அன்னைக்கு? நான் தட்டைப் போட்டேனே. உங்க கை போச்சே. அன்னைக்கு?"

"எந்தத் தட்டு?"

அவர் விளையாடவில்லை. தூக்கக் கலக்கத்தில் என் முகத்தையும் அம்மா முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"பதினோரு தட்டுப்பா. சமையலறை வாசல்ல. அதனாலதான் உங்களுக்குத் தூக்கம் போச்சு, அதனாலதான்..."

"அன்னைக்கு நல்லாத் தூங்கிட்டுத்தானே போனேன்? மெஷின் மூடி உடைஞ்சு பத்து நாளா மூடியில்லாமத்தான் ஓட்டிக்கிட்டிருந்தோம். எவனுக்காவது ஒருத்தனுக்கு நடந்திருக்கும், எனக்கு நடந்துச்சு. இதுல தட்டு எங்கேருந்து வந்துச்சு?"

"பின்னே ஏம்பா வீட்ல விரல் நுனியில நடக்கறீங்க? துண்டை வாயில வச்சு இருமறீங்க?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். "உங்கம்மாவுக்குத்தான் சத்தம் ஆகாதே."

"எனக்கா?" என்றாள் அம்மா. முன்னிருந்த இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது. அம்மாவின் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றுதான் தெரியும். அவளுக்கே அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பூனை!" என்று பாயிலிருந்து கேப்டன் கூப்பிட்டாள்.

நான் நடந்து போனேன். சிரிப்பதா, அழுவதா, திரும்பிப் போய் அந்த மனிதரைச் சட்டையைப் பிடித்து உலுக்குவதா என்று தெரியவில்லை. பதினோரு வருடம். ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா அவருக்காக மூச்சை அடக்கினாள், அவர் அம்மாவுக்காக அடக்கினார், நான் இருவருக்காகவும் அடக்கினேன். யாருக்குமே தேவைப்படாத ஒரு நிசப்தத்துக்கு மூன்று பேர் காலுறை மாட்டிக்கொண்டிருந்தோம். ஓரத்தில் நின்று வணங்கினேன். செருப்பைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன்.

கேப்டன் எதிரில் வந்து நின்றாள். அவள் முகத்தில் பயம் இருந்தது, நன்றாகவே தெரிந்தது. பயந்துகொண்டும் வந்து நின்றாள் பாருங்கள், அதற்காகவே அவளை எனக்குப் பிடித்தது. சட்டைக் கையைப் பிடித்தேன். முதுகைச் சுற்றிக் கையைப் போட்டேன். திரும்பினேன். அவள் என் இடுப்பில் ஏறினாள், கால்கள் மேலே போயின.

கை இறுகியது. செய்தி காதுக்குத்தான் வந்திருந்தது, கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அது தன் வேலையைச் செய்யக் கிளம்பிவிட்டது. பிடி, இறக்கு, சத்தம் வரக் கூடாது. என் முழங்கால் மடங்கத் தொடங்கியதுகூட எனக்குத் தெரிந்தது. பாயின் ஓரத்தில் நர்ஸ் நல்ல கையால் தன் தோளைப் பொத்திக்கொண்டதும் தெரிந்தது.

எந்தத் தட்டு? என்று கேட்டுவிட்டாரே மனிதர்.

எனக்கு வந்த கோபத்தில் முழங்கால் நிமிர்ந்தது. விட்டேன்.

சட்டைக் கை என் பிடியில் இருந்தது. மற்றதெல்லாம் போனது. கேப்டன் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாயில் விழுந்து ஓங்கி அறைந்தாள். அந்தச் சத்தம் கூரைக்குப் போய்த் திரும்பி வந்து என் பல்லில் இறங்கியது. அவள் கண்ணைத் திறந்து தன் கழுத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "ஒண்ணு" என்றாள்.

மீதி நாலும் எப்படிப் போட்டேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பலமாக விழுந்தது. ஐந்தாவது முறை எழுந்தபோது கேப்டன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "போதும் தாயே, பழைய பாக்கி எல்லாம் என்மேலயா தீர்க்கறே?" என்றாள். பிறகு நடுவரிடம் போய் என் பெயருக்கு நேராக எழுத வைத்தாள். என்ன எழுதினார்கள் என்று நான் பார்க்கவில்லை. அவள் முகமே சொல்லிவிட்டது.

அரங்கம் கைதட்டியது. நர்ஸுக்கு ஒரு கைதானே, அதனால் நாற்காலியின் கையைப் படபடவென்று அறைந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்வரிசையைத் தேடினேன். அப்பா மறுபடியும் தூங்கியிருந்தார். அவர் பக்கத்தில் அம்மா எழுந்து நின்றிருந்தாள். கைப்பை கீழே விழுந்து கிடந்தது, அவள் குனியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, கன்னத்தில் கண்ணீர் வழிய, கைதட்டிக்கொண்டிருந்தாள்.

உற்றுப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கைகளும் வேகமாகத்தான் வந்தன. ஒரு சாண் இடைவெளியில் வேகம் குறைந்து, பூப்போல ஒன்றையொன்று தொட்டுவிட்டுப் பிரிந்தன. மறுபடியும் வந்தன, மறுபடியும் தொட்டுவிட்டுப் பிரிந்தன. அந்தக் கை எனக்குத் தெரியும். மூன்று மாதமாக நான் சண்டை போட்டது அதனோடுதான்.

"அம்மா! சத்தமாத் தட்டு!" என்று பாயின் நடுவிலிருந்து கத்தினேன். என் தொண்டை கிழிந்தது.

அப்பா நாற்காலியிலேயே தலையை மறுபக்கம் சாய்த்துக்கொண்டார்.